மலைக்குப் போகுமுன் கடலைப் பாருங்கள்

2024 நவம்பர் 30, சனிக்கிழமை இரவு. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. அன்று கடற்கரையோரத்தில் யாருக்கும் தூக்கமில்லை. உள்மாவட்டங்களில் இருந்தவர்களோ, புயல் கரையைக் கடந்துவிட்டது என்று செய்தி வந்ததும் தொலைக்காட்சியை அணைத்துவிட்டுப் படுத்தார்கள். கடந்த புயல் கலைந்து போகவில்லை. ஆடி அசைந்து மேற்கே நகர்ந்தது. டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் 50 செ.மீ. மழை கொட்டியது. கடலே இல்லாத ஊரில் கடலூருக்குரிய மழை. அதே மேகக்கூட்டம் சேர்வராயன் மலையிலும் மோதிக் கரைந்தது. ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் மண்ணும் பாறையும் சரிந்து போக்குவரத்து நின்றது.

வரைபடத்தில் புதுச்சேரியின் மேல் விரலை வைத்து இடப்பக்கம் நேராக இழுத்தால் விரல் ஏறக்குறைய ஏற்காட்டின் மேல்தான் போய் நிற்கும். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகை. இடையில் சுமார் 175 கி.மீ. இந்தத் தூரத்தை ஒரு காற்றழுத்தத் தாழ்வு ஒரே நாளில் கடந்துவிடும். குளிர்காலத்தில் ஏற்காடு போகத் திட்டமிடுகிறவர் அறை வாடகையைப் பார்க்கிறார், ரயில் டிக்கெட்டைப் பார்க்கிறார், ஸ்வெட்டர் எங்கே என்று பரணைத் துழாவுகிறார். அவர் முதலில் பார்க்க வேண்டிய வங்காள விரிகுடாவை மட்டும் பார்ப்பதில்லை.

ஏற்காடு என்றதும் தமிழ்நாட்டுக்காரர் மனதில் வருவது மே மாதம். சேலத்து வெயில் மண்டையைப் பிளக்கும்போது மேலே ஓடுவது, கோடை விழா, மலர்க்கண்காட்சி, ஏரியில் படகு. ‘ஏழைகளின் ஊட்டி’ என்ற பட்டப்பெயர்கூட இந்தக் கோடைக்கூட்டம் சூட்டியதாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் அந்த மலை தன் வேலையைத் தான் பார்த்துக்கொண்டிருக்கும் மாதங்கள் வேறு. காப்பி பழுக்கும், மிளகு திரளும், பனி இறங்கும், தோட்டங்களில் ஆள் நடமாட்டம் கூடும். அது கார்த்திகையில் தொடங்கி மாசியில் முடிகிற ஒரு பருவம்.

எது குளிர்காலம் என்பதிலேயே ஒரு குழப்பம் உண்டு. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கணக்கில் குளிர்காலம் என்பது ஜனவரி, பிப்ரவரி இரண்டே மாதங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். நம் முன்னோர் ஆண்டை ஆறாகப் பிரித்தது இந்த விஷயத்தில் இன்னும் நுட்பமானது. ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர், மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி. ஏற்காட்டுப் பயணத்துக்கு இதைவிடப் பொருத்தமான கால அட்டவணை கிடைக்காது. கூதிரில் போனால் மலை நனைந்திருக்கும், வழி நிச்சயமில்லை. முன்பனியில் போனால் பனியும் பழமும். பின்பனியில் வானம் துடைத்த மாதிரி இருக்கும், அருவி மெலிந்திருக்கும், பங்குனியை ஒட்டி ஒரு மழை பெய்தால் காப்பிச் செடிகள் மல்லிகைபோலப் பூத்து மலையே மணக்கும்.

சந்தேகமில்லாமல் சொல்லலாம்: தேதியைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் உள்ளவர்கள் தைப்பொங்கல் கூட்டம் இறங்கிய பிறகு, ஜனவரி 20-க்கு மேல், குடியரசு தின விடுமுறையையும் தவிர்த்துவிட்டுப் போக வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. அரையாண்டு விடுமுறைதான் அவர்களுக்கு வாய்த்தது. கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை ஏற்காட்டில் அறை கேட்டுப் பார்த்தவர்களுக்கு ‘ஏழைகளின் ஊட்டி’ என்ற பெயர் எவ்வளவு பெரிய நகைச்சுவை என்று தெரியும். அந்த வாரம்தான் போயாக வேண்டும் என்றால் முன்பதிவை அக்டோபரிலேயே முடித்துவிடலாம். பணத்தைத் திருப்பித் தருவார்களா, தேதியை மாற்றித் தருவார்களா என்பதை மட்டும் பேசும்போதே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. காரணம், மேலே சொன்ன அதே கடல்.

புறப்படுவதற்கு நான்கைந்து நாள் முன்பிருந்து சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பைப் பார்த்து வந்தால் போதும். தென்கிழக்கு வங்கக்கடலில் தாழ்வுப் பகுதி உருவாகிறது என்ற வாக்கியம் வந்தால் கவனம் வைக்க வேண்டும். சேலம் மாவட்டத்துக்கு மஞ்சள் எச்சரிக்கை என்றால் குடையோடு போகலாம். ஆரஞ்சு என்றால் தேதியைத் தள்ளலாம். சிவப்பு என்றால் வீட்டிலேயே பஜ்ஜி போட்டுக்கொள்ளலாம். இன்னொன்று: புயல் கரையைக் கடந்துவிட்டது என்ற செய்தியோடு நிம்மதி அடைந்துவிடக் கூடாது. மலைக்காரருக்கு அந்தச் செய்திக்குப் பிறகுதான் கவலை தொடங்குகிறது. கரையைக் கடந்த ஈரக்காற்று சமவெளியில் வரும்வரை பரவலாகப் பெய்யும். திடீரென்று 1,500 மீட்டர் உயரத்துக்கு ஒரு சுவர் குறுக்கே நின்றால் மேலே எழும்பும், குளிரும், அங்கேயே கொட்டும். கிழக்குத் தொடர்ச்சி மலை மேற்குத் தொடர்ச்சியைப் போலத் தொடர்ந்து ஓடுவதில்லை. துண்டு துண்டாக நிற்கிறது. கல்வராயன், சேர்வராயன், கொல்லி, பச்சை என்று தனித்தனிக் குன்றுக்கூட்டங்கள். தனியாக நிற்பவன் மேல்தான் அடி அதிகம் விழும்.

சரி, வானம் அனுமதித்துவிட்டது. எப்படிப் போவது?

சென்னைக்காரர்களுக்கு ஏற்காடு எக்ஸ்பிரஸ் இருக்கிறது. பெயரை நம்பி அது மலையேறும் என்று நினைக்கக் கூடாது. சென்னை சென்ட்ரலில் இரவு கிளம்பி ஈரோட்டுக்குப் போகிற ரயில் அது. விடிவதற்கு வெகுமுன்பே சேலம் ஜங்ஷனில் இறக்கிவிடும். அந்த இருட்டிலேயே வண்டி பிடித்து மலையேறுவதைவிட ஸ்டேஷனில் ஒரு காப்பியைக் குடித்துவிட்டு வெளிச்சத்துக்குக் காத்திருப்பதே புத்திசாலித்தனம். ஜனவரியில் சூரியன் எழ மணி 6.40 ஆகிவிடும். அதன் பிறகு பேருந்து நிலையத்துக்குப் போனால் ஏற்காட்டுக்குப் பேருந்து கிடைக்கும். சுமார் 30 கி.மீ. தூரம்தான். ஆனால் இந்தத் தூரத்துக்குள் பேருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்ட வேண்டும்.

வளைவுகளுக்கு எண் போட்டிருக்கிறார்கள். குழந்தைகள் எண்ணிக்கொண்டே வருவார்கள். ஏழாவது எட்டாவதில் எண்ணிக்கை நின்று போனால் அடுத்து என்ன நடக்கும் என்பது தாய்மார்களுக்குத் தெரியும். எலுமிச்சம்பழம் ஒன்றைப் பையில் வைத்துக்கொள்வதும், காலை உணவை மேலே போய் வைத்துக்கொள்வதும் பழைய வைத்தியம். இன்றும் பலிக்கிறது.

சொந்தக் காரில் வருகிறவர்கள் ஏறுவதைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். ஆபத்து இறங்கும்போது. எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்று பழைய லாரி ஓட்டுநர்கள் சொல்வது வேதவாக்கு. நியூட்ரலில் விட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்குகிற வண்டிகளை அடிவாரத்தில் எளிதாகக் கண்டுபிடித்துவிடலாம். சக்கரத்திலிருந்து கருகல் வாடை வரும். 2024 ஏப்ரல் 30 அன்று ஒரு தனியார் பேருந்து இந்த மலைப்பாதையின் 13-ஆவது வளைவுப் பகுதியில் கவிழ்ந்து உயிர்ப்பலி ஏற்பட்டது. அது பளிச்சென்று வெயிலடித்த கோடை. மார்கழிப் பனியில் எதிரே வருகிற வண்டி பத்தடியில்தான் தெரியும். பனிக்குள் ஹை பீம் போட்டால் வெள்ளைத்திரைதான் கண்ணில் அடிக்கும். விளக்கைத் தாழ்த்தி, ஹாரன் கொடுத்து, மேலே ஏறி வருகிறவருக்கு வழிவிட்டுப் போக வேண்டும். மாலை ஆறு மணிக்குமேல் மலைப்பாதையில் இருக்காதபடி திட்டமிட்டால் இந்தக் கவலையே வேண்டியதில்லை.

குப்பனூர் வழியாக இன்னொரு பாதையும் உண்டு. கொட்டச்சேடு வழியாக மேலே வந்து சேரும். சுற்று வழி, கூட்டம் குறைவு. பிரதான மலைப்பாதையில் மண் சரிந்தால் வண்டிகளை வழக்கமாக இந்தப் பக்கம்தான் திருப்பிவிடுவார்கள். ஏறும்போது ஒரு வழி, இறங்கும்போது மறு வழி என்று வைத்துக்கொண்டால் ஒரே பயணத்தில் இரண்டு மலையைப் பார்த்த மாதிரி இருக்கும்.

என்ன உடுத்துவது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். ஆயிரம் மீட்டர் உயர்ந்தால் வெப்பம் ஏறக்குறைய ஆறரை டிகிரி குறையும். சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டரில் இருக்கிறது, ஏற்காடு 1,515 மீட்டரில். ஆகவே சேலத்தில் அதிகாலை 20 டிகிரி என்றால் மேலே 12 அல்லது 13. ஊட்டியைப் போல உறைபனி விழுகிற குளிர் இங்கே கிடையாது. புல்வெளி வெள்ளையாக மாறும் படத்தை எதிர்பார்த்து வருகிறவர் ஏமாறுவார். ஆனால் பனிமூட்டமும் ஈரமும் சேர்ந்து 13 டிகிரியைப் பத்தாகக் காட்டும். மதியம் வெயில் வந்தால் ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கும். தடித்த ஒரு கம்பளிச் சட்டையைவிட மெல்லியவை இரண்டு மேல். அறை பதிவு செய்யும்போது தொலைக்காட்சி உண்டா என்று கேட்பதற்குப் பதிலாக வெந்நீர் எந்த நேரத்தில் வரும் என்று கேட்பது இந்த மாதங்களில் உருப்படியான கேள்வி.

இரண்டு இரவு தங்காமல் இந்த மலையைப் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. காலையில் வந்து மாலையில் இறங்குகிறவர்கள் பார்ப்பது ஏரி, அண்ணா பூங்கா, ஒண்டிக்கடை நாற்சந்தியின் போக்குவரத்து நெரிசல் மூன்றைத்தான். ஏரியை ஒன்றும் குறைசொல்வதற்கில்லை. ஏரியும் காடும் சேர்ந்துதான் ஏற்காடு என்று ஊருக்கே பெயர் கொடுத்ததாகச் சொல்கிறார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குப் படகுக்கு வரிசையில் நிற்பது சேலத்தில் சினிமாவுக்கு நிற்பதைவிடச் சுகமானதாக இருக்காது. வார நாளில் காலை ஏழு மணிக்குக் கரையோரம் நடந்தால் தண்ணீரின் மேல் ஆவி எழும்புவதைப் பார்க்கலாம். படகுகள் கட்டிக்கிடக்கும். காசு செலவில்லை.

அந்த ஏரியின் உபரிநீர்தான் கிளியூர் அருவியாக விழுகிறது. ஏரி நிரம்பினால்தான் அருவி. கோடையில் பாறையைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் ஏராளம். பருவமழை நன்றாகப் பெய்த ஆண்டில் டிசம்பர், ஜனவரிதான் அருவிக்கு அழகு. இறங்கும்போது தெரியாத படிக்கட்டுகள் ஏறும்போது எண்ணிக்கையைச் சொல்லிவிடும். முட்டிவலிக்காரர்கள் மேலேயே உட்கார்ந்து சத்தத்தைக் கேட்கலாம். பலத்த மழைக்குப் பின் அருவிப் பக்கம் போக அனுமதிக்க மாட்டார்கள். அந்த நேரத்தில் அங்கிருக்கும் காவலாளியிடம் வாதாடுகிற வழக்கம் நம்மவர்களுக்கு உண்டு. பாறையில் ஈரப்பாசி எப்படி வழுக்கும் என்பது அவருக்குத் தெரியும், வாதாடுகிறவருக்குத் தெரியாது.

காட்சி முனைகளில் இரண்டுக்கு நேரம் ஒதுக்கலாம். ஒன்று மலையின் கிழக்கு விளிம்பில் உள்ள பகோடா பாயிண்ட். கற்களைக் கோபுரம்போல அடுக்கியிருப்பதால் வந்த பெயர். ஊர்வாயில் அது பக்கோடா பாயிண்ட் ஆகிவிட்டது. பஜ்ஜிக்கடைகளும் இருப்பதால் யாருக்கும் குழப்பமில்லை. சூரியன் எழுவதற்குக் கால்மணி முன்னால் அங்கே நிற்க வேண்டும். முன்பனிக் காலத்தில் கீழே ஊர் தெரியாது. வெண்மேகம் பஞ்சு மெத்தைபோலப் பரவி, இடையிடையே குன்றுகள் தீவுகளாக நிற்கும். இரவில் தரை குளிர்ந்து, அதன்மேல் ஈரக்காற்று தேங்கிப் பனியாகித் தாழ்வான இடங்களை நிரப்பியிருக்கும். எட்டு, எட்டரைக்கு வெயில் சூடேறியதும் கலைந்துவிடும். தாமதமாக எழுந்து, காலை உணவை முடித்துவிட்டு வருகிறவர்களுக்கு வெறும் பள்ளத்தாக்குதான் மிச்சம்.

மற்றது சேலத்தைப் பார்த்து நிற்கும் லேடீஸ் சீட். இங்கே மாலையில் போக வேண்டும். மலைப்பாதையின் வளைவுகள் கீழே சுருண்டு கிடக்கும். வானம் தெளிவான நாளில் மேட்டூர் அணைத் தண்ணீர் தூரத்தில் மின்னும். நகரத்துக்கு வடக்கே வெள்ளை வெள்ளையாகத் தெரிவது மேக்னசைட் வெட்டிய சுரங்கங்கள். அந்தக் கனிமத்தின் பெயரிலேயே சேலம் அருகே மேக்னசைட் ஜங்ஷன் என்று ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. சேர்வராயன் மலையின் உச்சியிலும் கனிமம் உண்டு. மேட்டூர் அலுமினிய ஆலைக்காக இங்கிருந்து பாக்சைட் வெட்டிக்கொண்டு போன காலம் ஒன்று இருந்தது. அழகு பார்க்க வந்த இடத்தில் மலைகளின் காயத்தையும் சேர்த்துப் பார்க்க நேர்கிறது. விளக்குகள் எரியத் தொடங்கியதும் சேலம் முழுவதும் கொட்டிவைத்த மினுமினுப்பாகிவிடும்.

இந்த மலையின் வரலாற்றைச் சொல்லும் துண்டுப் பிரசுரங்களில் ஒரு வேடிக்கை உண்டு. சர் தாமஸ் மன்றோ 1842-இல் ஏற்காட்டைக் கண்டுபிடித்தார் என்று அச்சடித்திருப்பார்கள். சென்னை மாகாண ஆளுநராக இருந்த மன்றோ 1827-இலேயே காலரா கண்டு இறந்துவிட்டார். அவருக்கு இந்தப் பகுதியோடு தொடர்பே இல்லை என்பதல்ல. திப்புவிடமிருந்து பாராமகால் கைமாறிய பிறகு 1792 முதல் சில ஆண்டுகள் இங்கே வருவாய் நிர்வாகத்தில் வேலை பார்த்தவர்தான். ஆனால் ஏற்காட்டின் முகத்தை மாற்றியவர் அவரல்ல. 1820 முதல் 1829 வரை சேலத்தில் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன். காப்பியையும் ஆரஞ்சையும் பலவகைப் பழமரங்களையும் இங்கே நட்டுப் பார்த்தவர் அவரே. கிரேஞ்ச் எஸ்டேட்டின் பழைய கட்டடமும் அவர் காலத்துக்கதைதான்.

இவர்கள் யாரும் வருவதற்கு முன்பே மலையில் ஆட்கள் இருந்தார்கள் என்பது துண்டுப் பிரசுரத்தில் பெரும்பாலும் இருக்காது. சேர்வராயனின் பூர்வகுடிகளுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை, பேசுவது தமிழ், மலையை ஆள்பவர் என்று பொருள். காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று அண்ணன் தம்பிகளின் வழிவந்தவர்கள் என்று வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். பெரியண்ணன் சேர்வராயனுக்கும், நடுவண்ணன் பச்சைமலைக்கும், சின்னண்ணன் கொல்லிமலைக்கும் போனார்களாம். ஏற்காடு சட்டமன்றத் தொகுதி பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்டிருப்பது இவர்களால்தான். இவர்களின் தெய்வமான சேர்வராயன் குடியிருப்பது மலையின் உச்சியில், 1,623 மீட்டர் உயரத்தில் ஒரு குகைக்குள். குனிந்துதான் போக வேண்டும். பக்கத்தில் காவேரியம்மன். குகைக்குள்ளிருந்து காவிரிக்கு வழி இருக்கிறது என்ற நம்பிக்கை உண்டு. திருவிழா மே மாதத்தில். குளிர்காலத்தில் அந்தத் தட்டையான உச்சியில் காற்றும் பனியும்தான் துணை. தொப்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். சேர்வராயன் என்ற பெயரை வாயில் நுழையாமல் ‘ஷெவராய்’ ஆக்கியது ஆங்கிலேயர் கைங்கரியம்.

இனி காப்பி. குளிர்காலப் பயணத்துக்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

ஏற்காட்டில் பெரும்பாலும் அரபிகா வகை. மார்ச், ஏப்ரலில் பெய்யும் கோடைமழையில் பூத்து, எட்டொன்பது மாதம் காயாக நின்று, நவம்பரில் சிவக்கத் தொடங்கும். ஒரே கிளையில் பச்சையும் மஞ்சளும் சிவப்புமாகக் கிடக்கும். பழுத்ததை மட்டும் விரலால் திருகி எடுக்க வேண்டும் என்பதால் ஒரே செடிக்கு இரண்டு, மூன்று முறை ஆள் வருகிறார்கள். இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு சரிவில் நின்றபடி பெண்கள் பழம் எடுப்பதைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். எடுத்த பழத்தை அன்றைக்கே இயந்திரத்தில் போட்டுத் தோலுரித்து, ஊறவைத்து, கழுவி, களத்தில் காய வைக்கிறார்கள். தோலோடு அப்படியே காய வைப்பதும் உண்டு. அதற்கு நாள் கூடுதலாகப் பிடிக்கும். நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்கும். டிசம்பரில் அதில் பச்சைச் சரங்கள் தொங்கும்.

இந்தக் களத்தில் மறுபடியும் கடல் வந்துவிடுகிறது. பழம் சிவந்து நிற்கும் நேரத்தில் புயல்மழை பெய்தால் பழம் வெடித்து உதிரும். காயப்போட்ட கொட்டை ஈரம் ஏறிப் பூஞ்சை பிடிக்கும். சுற்றுலாப் பயணிக்குத் தாழ்வுநிலை என்பது ஒரு வார இறுதி கெட்டுப்போகிற விஷயம். தோட்டக்காரருக்கு அது ஆண்டு வருமானம். ஆகவே ஏற்காட்டில் வானிலைச் செய்தியை ஊன்றிக் கேட்பவர்கள் மீனவர்களைப் போலவே கவலைப்படுகிறவர்கள்.

தோட்டங்கள் தனியார் நிலம். படம் எடுக்கிற ஆர்வத்தில் வேலி தாண்டுவதும், பழம் எடுப்பவர்களை நிறுத்தி வைத்துச் செல்ஃபி எடுப்பதும் வேண்டாம். எடையைப் பொறுத்துக் கூலி கிடைக்கும் இடங்களில் அவர்களுடைய ஐந்து நிமிடத்துக்கும் விலை உண்டு. தோட்டத்துக்குள்ளேயே தங்குமிடம் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். கேட்டால் களத்தையும் இயந்திரத்தையும் காட்டுவார்கள். அங்கே தங்க நினைக்கிறவர் கேட்டுக்கொள்ள வேண்டியது இரண்டு. பிரதான சாலையிலிருந்து உள்ளே போகும் வழியில் சின்னக் கார் போகுமா? இருட்டியபின் வெளியே வர வேண்டியிருக்குமா? காட்டெருமைகள் தோட்டங்களுக்குள் நடமாடுகின்றன. பார்க்கச் சாதுவாக நிற்கும். ஒரு டன் எடை சாதுவாக நிற்பதை நம்பி அருகில் போகக் கூடாது.

வாங்கி வருவதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. டிசம்பரில் கடையில் விற்கும் காப்பித்தூள் பெரும்பாலும் போன அறுவடை. இந்த ஆண்டுக் காப்பி இன்னும் களத்தில் காய்ந்துகொண்டிருக்கும். ‘புதுசுங்க, நேத்து பறிச்சது’ என்று யாராவது சொன்னால் சிரித்துக்கொண்டே நகரலாம். பாக்கெட்டில் சிக்கரி எவ்வளவு என்று பார்க்க வேண்டும். 49 சதவீதம் வரை கலக்கச் சட்டம் அனுமதிக்கிறது, ஆனால் அளவை அச்சிட்டாக வேண்டும். மலைக்காப்பி என்று வாங்கிப் பாதி சிக்கரியைச் சுமந்து இறங்குவானேன்? மிளகின் கதையும் இதேதான், புது மிளகு மாசியை ஒட்டித்தான். ஆரஞ்சு மட்டும் குளிர்காலத்துக்குரியது. தோல் தளர்ந்து, சற்றுக் கோணலாக இருப்பது மலை ஆரஞ்சு. உருண்டு திரண்டு பளபளப்பது வெளியூர்ச் சரக்காக இருக்கலாம்.

இரண்டாம் நாளை ஊரைச் சுற்றிவரும் சாலைக்கு வைத்துக்கொள்ளலாம். ‘லூப் ரோடு’ என்றே உள்ளூரில் பெயர். சுமார் 32 கி.மீ. சுற்று, முழுவதும் காப்பித் தோட்டங்களுக்கும் மலைக் கிராமங்களுக்கும் நடுவே. காரில் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம். அப்படி முடிப்பவர்கள் எதையும் பார்த்திருக்க மாட்டார்கள். நாகலூர்ப் பக்கம் எங்காவது வண்டியை ஓரங்கட்டிவிட்டுக் கால்மணி நேரம் நடந்தாலே பறவைச் சத்தம் வண்டிச் சத்தத்தை மறக்கடித்துவிடும். திரும்பும் வழியில் இந்தியத் தாவரவியல் ஆய்வுத்துறையின் ஆர்க்கிட் பூங்காவுக்கு ஒரு மணி நேரம். பூச்சியைப் பிடித்துத் தின்னும் குடுவைச்செடி அங்கே இருக்கிறது. குழந்தைகளை அங்கிருந்து நகர்த்துவது கடினம். 1917-இல் தொடங்கிய மான்ட்ஃபோர்ட் பள்ளியை வெளியிலிருந்து பார்க்கலாம். நடிகர் விக்ரமும் கிரிக்கெட் வீரர் ரோஜர் பின்னியும் சசி தரூரும் இந்தக் குளிரில் விடியற்காலை எழுந்து பல் துலக்கியவர்கள்தான்.

ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாடு முழுவதும் 2019 ஜனவரி 1 முதல் தடை. மலையில் இன்னும் கண்டிப்பாக இருப்பார்கள். 2024 மே முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமானது. உயர் நீதிமன்றத்தின் அந்த உத்தரவு ஏற்காட்டைப் பற்றியதல்ல. புறப்படும் வாரத்தில் ஒருமுறை விசாரித்துக்கொண்டால் சோதனைச்சாவடியில் முழிக்க வேண்டியிருக்காது.

மூன்றாம் நாள் மதியத்துக்கு மேல் குப்பனூர் வழியாக இறங்கினால் இருட்டுமுன் சேலம் வந்துவிடலாம். இரவு ரயிலுக்கு நிறைய நேரம் இருக்கும். ஸ்வெட்டரைப் பைக்குள் திணித்துவிட்டு, தட்டுவடை செட் போடுகிற ஏதாவது ஒரு தள்ளுவண்டியைத் தேடிப் போகலாம். இரண்டு தட்டுவடைக்கு நடுவே துருவிய பீட்ரூட்டும் கேரட்டும் வெங்காயமும், இரண்டு நிறச் சட்னியும். மலையில் மூன்று நாள் மரத்துப்போயிருந்த நாக்குக்கு அந்தக் காரம் கண்ணில் தண்ணீரை வரவழைக்கும். வண்டிக்காரர் நிமிர்ந்து பார்க்காமல் கேட்பார்: ‘இன்னொரு செட் போடட்டுங்களா?’